டர்போ காரில் டிராக் டே: நாலாவது சுற்றில் பவர் காணாமல் போகிறது, எங்கிருந்து ஆரம்பிப்பது?

ஆறாம்வளைவு எழுதியது:

வணக்கம். என் கார் 2 லிட்டர் டர்போ பெட்ரோல், முன்சக்கர இயக்கம், மேனுவல் கியர். ஸ்டேஜ் 1 ரீமேப் (பவரைக் கூட்ட எஞ்சின் கம்ப்யூட்டரின் மேப்பை, அதாவது அதன் செட்டிங்கை, மாற்றுவதில் முதல் படி), ரேஸ் டிராக்குக்கு ஏற்ற பிரேக் பேட், அவ்வளவுதான், மற்றதெல்லாம் கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கிறது. ரோட்டில் ஒரு குறையும் சொல்ல முடியாது. டிராக்கில்தான் தகராறு. முதல் இரண்டு மூன்று சுற்று பறக்கிறது, அப்புறம் நேர்ப்பாதையில் இழுவை குறைவது சீட்டிலேயே தெரிகிறது, இருபது நிமிட செஷன் பாதி தாண்டும்போது கூலன்ட் முள் நடுவை விட்டு மேலே நகர்கிறது. போன தடவை லிம்ப் மோடுக்கே (எஞ்சின் தன்னைக் காத்துக்கொள்ளப் பவரை வெட்டும் நிலை) போய்விட்டது, மெதுவாக உருட்டிக்கொண்டு பிட்டுக்கு வந்தேன்.

ரீமேப் செய்தவர் பெரிய இன்டர்கூலர் (டர்போ அழுத்திய காற்றை ஆற்றும் கூலர்) போட்டால் எல்லாம் சரியாகிவிடும், கையோடு ஸ்டேஜ் 2 ஏற்றிவிடலாம் என்கிறார். இன்னொருவர் ரேடியேட்டரை மாற்று என்கிறார். வேறொருவர் சீக்கிரம் திறக்கும் தெர்மோஸ்டாட் (ரேடியேட்டருக்குக் கூலன்டைத் திறந்து விடும் வால்வு) போதும் என்கிறார். லேப் டைம் எனக்குப் பெரிய விஷயமில்லை. வெயில் 35 டிகிரி அடித்தாலும் செஷன் முழுக்க ஓட்ட வேண்டும், அதே காரில் வீட்டுக்கும் போக வேண்டும். எதை முதலில் செய்வது?

எண்ணெய்க்கை எழுதியது:

நீங்கள் சொல்வது இரண்டு தனித்தனிக் கோளாறு, ஒன்றாகச் சேர்த்துப் பார்க்காதீர்கள். மூன்றாவது நாலாவது சுற்றில் இழுவை குறைவது பெரும்பாலும் இன்டேக் காற்றின் சூடு. பாதி செஷனில் முள் ஏறுவது கூலன்டும் ஆயிலும். முதலாவதுக்குப் போடும் மருந்து இரண்டாவதை மோசமாக்கவும் செய்யும், அதைக் கீழே சொல்கிறேன்.

இன்டேக் கணக்கு இது. வெளிக்காற்று 35 டிகிரி, பூஸ்ட் (டர்போ கூடுதலாகக் கொடுக்கும் காற்றழுத்தம்) 1 பார், டர்போவில் காற்றை அழுத்தும் கம்ப்ரஸரின் திறன் 70 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் டர்போவை விட்டு வெளியே வரும் காற்று ஏறக்குறைய 130 டிகிரி. பூஸ்டை 1.4 பார் ஆக்கினால் அதே கணக்கில் 160. சின்ன டர்போவை அதன் எல்லைக்குத் தள்ளும்போது திறன் 70-இல் நிற்காது, இன்னும் கீழே போகும், ஆகவே நிஜத்தில் இதைவிடச் சூடு. இத்தனையையும் இன்டர்கூலர் வெளியே தள்ள வேண்டும். ரோட்டில் ஆக்ஸிலரேட்டரை முழுசாக மிதிப்பது சில விநாடிதான், அந்தச் சூட்டை இன்டர்கூலரின் அலுமினியமே வாங்கி வைத்துக்கொண்டு பிறகு நிதானமாக விடும். டிராக்கில் அதற்கு நேரம் கொடுப்பதில்லை. இரண்டு சுற்றில் அலுமினியம் நிறைந்துவிடுகிறது, அப்புறம் இன்டேக் டெம்பரேச்சர் 60, 70 என்று ஏறும். 40 டிகிரிக் காற்றுக்குப் பதில் 70 டிகிரிக் காற்று போனால் அதே பூஸ்டில் அடர்த்தி சுமார் 9 சதவீதம் குறைவு. அதோடு நாக் (பெட்ரோல் கலவை தானாகவே வெடித்து எஞ்சினைத் தட்டுவது) வந்துவிடாமல் இருக்க ஈசியு, அதாவது எஞ்சின் கம்ப்யூட்டர், இக்னிஷன் டைமிங்கையும் (தீப்பொறி விழும் நேரத்தையும்) பின்னுக்கு இழுக்கும். டைமிங் தாமதமானால் எரிப்பு தாமதம், எக்ஸாஸ்ட் சூடு கூடுகிறது, எக்ஸாஸ்ட் வேகத்தில் சுழலும் டர்போவின் டர்பைன் சூடு கூடுகிறது, அதைத் தணிக்க ஈசியு பெட்ரோலை அதிகம் ஊற்றுகிறது. நீங்கள் சீட்டில் உணர்வது இந்தச் சங்கிலி முழுவதையும்தான்.

எதையும் வாங்குவதற்கு முன்னால் ஓபிடி அடாப்டர் (காரின் கம்ப்யூட்டர் அளவுகளைப் படிக்கும் கருவி) ஒன்றை மாட்டி, இன்டேக், கூலன்ட், டைமிங், நாக் திருத்தம், பூஸ்ட் எல்லாவற்றையும் ஒரு செஷன் முழுக்கப் பதிவு பண்ணுங்கள். ஆயில் டெம்பரேச்சர் உங்கள் காரில் வராவிட்டால் ஒரு சென்சார் போட்டாக வேண்டும், இதில் சமரசம் வேண்டாம். டாஷ்போர்டு முள்ளை நம்பாதீர்கள். பல கார்களில் 80-லிருந்து 105 வரை கூலன்ட் எங்கே இருந்தாலும் முள்ளை நடுவிலேயே நிறுத்தி வைப்பார்கள், ஓட்டுநர் பயப்படக் கூடாது என்று. அது நகர ஆரம்பித்துவிட்டது என்றால் நிலைமை ஏற்கெனவே முற்றிவிட்டது.

காற்றுவழி எழுதியது:

மேலே சொன்னது சரி. என் பங்குக்கு: ரேடியேட்டரைத் தொடாதீர்கள், இப்போதைக்கு. இருக்கும் ரேடியேட்டருக்குள் காற்று போகிறதா என்று பாருங்கள்.

பம்பரைக் கழற்றினால் புரியும். கிரில் வழியாக வரும் காற்றில் நிறைய ரேடியேட்டரின் பக்கவாட்டிலும் மேலேயும் கீழேயும் இருக்கும் இடைவெளியில் நழுவிப் போய்விடும். ஃபின்களுக்குள் நுழைவது கஷ்டம், சுற்றிப் போவது சுலபம், காற்று எப்போதும் சுலபமானதைத்தான் எடுக்கும். கிரில்லில் இருந்து ரேடியேட்டர் ஓரம் வரை அலுமினியத் தகடோ தடிமனான பிளாஸ்டிக்கோ வெட்டி, ஓரத்தில் ஃபோம் ஒட்டி, இடைவெளியே இல்லாமல் அடையுங்கள். ஒரு சனி ஞாயிறு வேலை. இதில் கிடைக்கும் பலனைப் பார்த்த பிறகும் ரேடியேட்டர் வேண்டும் என்றால் வாங்கிக்கொள்ளலாம். பம்பர் கழற்றியிருக்கும்போதே ஏசி கண்டென்ஸருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே டார்ச் அடித்துப் பாருங்கள், டயர் துகள், இலை, பூச்சி எல்லாம் சேர்ந்து கம்பளி மாதிரி அடைத்திருக்கும்.

உள்ளே போன காற்று வெளியே வர வேண்டும், இதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். அடித்தட்டைக் கழற்றி எறிந்தால் சூடு வெளியேறும் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. பெரும்பாலான கார்களில் நேர் எதிர்: அந்தத் தட்டுதான் ரேடியேட்டருக்குப் பின்னால் அழுத்தத்தைக் குறைவாக வைத்திருக்கிறது, கழற்றினால் காருக்கு அடியிலிருந்து காற்று மேலே ஏறி எஞ்சின் அறையை நிரப்பி, முன்னாலிருந்து வரும் காற்றைத் தடுக்கும். பானெட்டில் வென்ட் வெட்டுவதாக இருந்தால் ரேடியேட்டருக்குச் சற்றுப் பின்னால், பானெட்டின் முன்பகுதியில் வெட்டுங்கள், அங்கேதான் மேலே அழுத்தம் குறைவு. கண்ணாடிக்குப் பக்கத்தில் அழுத்தம் அதிகம், அங்கே வெட்டினால் காற்று வெளியே வராது, உள்ளேதான் போகும். பானெட்டின் பின்பக்கத்தை வாஷர் வைத்துத் தூக்கி விடுபவர்களும் இதே தவறைத்தான் செய்கிறார்கள், பார்க்க என்னவோ ரேஸ் கார் மாதிரி இருக்கும்.

இது வீட்டு வைத்தியம் இல்லை. ஹோண்டா சிவிக் டைப் ஆர், எஃப்கே8 தலைமுறை, டிராக்கில் சூடாகிறது என்று புகார் வாங்கிய கார். 2020 மாடலில் கம்பெனி என்ன செய்தது? கிரில் திறப்பை 13 சதவீதம் பெரிதாக்கி ரேடியேட்டரின் ஃபின்களை நெருக்கமாக்கியது, கடும் ஓட்டத்தில் கூலன்ட் 10 டிகிரி வரை குறைகிறது என்று அவர்களே சொன்னார்கள்.

தெர்மோஸ்டாட் விஷயம்: சீக்கிரம் திறக்கும் தெர்மோஸ்டாட் ரேடியேட்டரின் திறனைக் கூட்டாது. தெர்மோஸ்டாட் முழுசாகத் திறந்த பிறகு அது எத்தனை டிகிரியில் திறந்தது என்பதற்கு அர்த்தமே இல்லை. சம்பளம் கூடாமல் முதல் தேதி மட்டும் கையில் கொஞ்சம் கூடுதலாக இருப்பது போல, ஒரு சுற்று தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

சறுக்குத்தடம் எழுதியது:

எல்லாரும் சாமான் பட்டியல் போடுகிறீர்கள், ஒருவர்கூட பூஸ்டைக் குறை என்று சொல்லவில்லையே. ஸ்டேஜ் 1-ஐ எடுத்துவிட்டு பழைய மேப் போட்டு ஒரு நாள் ஓட்டிப் பார்க்கட்டும். கம்பெனி மேப்பில் இந்தத் தகராறு வராவிட்டால் விடை கிடைத்துவிட்டது. டிராக்குக்கு என்று தனி மேப் எழுதச் சொல்லுங்கள்: பூஸ்ட் கொஞ்சம் கம்மி, டைமிங் அடக்கமாக, மிடில் ரேஞ்ச் டார்க் கம்மி. முன்சக்கர காரில் அந்த டார்க் எப்படியும் வளைவை விட்டு வெளியே வரும்போது டயரைச் சுழற்றத்தான் போகிறது.

ஓட்டுவதிலும் இருக்கிறது. ரெட்லைன் வரை ஒவ்வொரு கியரையும் இழுப்பதில் டர்போ காருக்கு லாபம் குறைவு, சின்ன டர்போ மேல் ஆர்பிஎம்மில் மூச்சு விடத் திணறும், சூடுதான் மிச்சம். ஐநூறு ஆயிரம் ஆர்பிஎம் முன்னாலேயே கியர் மாற்றிப் பாருங்கள். இரண்டு சூடான சுற்று, ஒரு ஆறும் சுற்று (மெதுவாக ஓட்டிச் சூட்டை ஆற விடுவது). முன்னால் போகும் காரின் வாலைப் பிடித்துக்கொண்டே போகாதீர்கள், அவர் கக்கும் சூட்டைத்தான் உங்கள் கார் குடிக்கும்.

எண்ணெய்க்கை எழுதியது:

பூஸ்ட் குறைப்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன், அதுதான் செலவில்லாத முதல் வேலை. ஆனால் கம்பெனி மேப்பிலும் வெயில் காலத்தில் இருபது நிமிடம் தாங்காத கார்கள் உண்டு, எனவே மிச்சத்தையும் பேசியாக வேண்டும்.

இன்டர்கூலர். பெரிது போட்டால் இன்டேக் சூடு குறையும், சந்தேகமில்லை. ஆனால் அது ரேடியேட்டருக்கு முன்னால் உட்காருகிறது. தடிமனான பார் அண்ட் பிளேட் வகை (அலுமினியக் கட்டைகளும் தகடுகளும் அடுக்கிச் செய்தது) நிறையச் சூட்டை வாங்கி வைத்துக்கொள்ளும், அதனால் டைனோவில் (பவர் அளக்கும் மெஷினில்) அருமையான கிராஃப் வரும். டிராக்கில் அதே தடிமன் பின்னால் இருக்கும் ரேடியேட்டருக்குப் போகும் காற்றை மறிக்கும், போகிற காற்றையும் சுட வைத்து அனுப்பும். உங்களுக்கு ஏற்கெனவே கூலன்ட் ஏறுகிறது. மேலே சொன்னேனே, ஒன்றுக்கு மருந்து இன்னொன்றுக்கு விஷம் என்று, அது இதுதான். கம்பெனி இன்டர்கூலரைவிட உயரத்தில் கொஞ்சம் கூடுதல், தடிமனில் நிதானம், ஃபின் நெருக்கமில்லாத ஒன்றைத் தேடுங்கள். இன்டர்கூலர் போட்ட கையோடு ஸ்டேஜ் 2 போட்டால், கிடைத்த லாபம் முழுவதையும் திருப்பிக் கொடுத்த கணக்கு.

ஆயில். நிறைய கார்களில் ஆயில் ஃபில்டர் அடியில் ஒரு ஆயில்-கூலன்ட் எக்ஸ்சேஞ்சர் இருக்கும். குளிரில் ஆயிலைச் சீக்கிரம் சூடாக்க அருமையான ஏற்பாடு. டிராக்கில் அது ஆயிலின் சூட்டை அப்படியே கூலன்டில் கொட்டுகிறது. அதனால் காற்றில் ஆறும் தனி ஆயில் கூலர் ஒன்று போட்டால் இரண்டும் இறங்கும், பலர் எதிர்பார்க்காத லாபம் இது. தெர்மோஸ்டாட் உள்ள சாண்ட்விச் பிளேட்தான் (ஆயில் ஃபில்டருக்கு அடியில் மாட்டி, ஆயிலைக் கூலருக்கு அனுப்பும் தட்டு) வேண்டும், இல்லாவிட்டால் ரோட்டில் ஆயில் சூடே ஏறாமல், கலந்திருக்கும் ஈரமும் பெட்ரோலும் வெளியேறாமல் கிடக்கும். ஆயில் கூலரையும் ரேடியேட்டருக்கு முன்னால் அடுக்காதீர்கள். ஃபாக் லாம்ப் இடத்தில் வைத்து, முன்னால் டக்ட், பின்னால் வீல் ஆர்ச் லைனரில் காற்று வெளியேற வழி, கல் அடிக்காமல் வலை. வெளியேற வழி இல்லாவிட்டால் அது சும்மா தொங்கும் அலங்காரம்.

எஞ்சினைப் பொறுத்து இன்னொன்று. ஃபோக்ஸ்வாகனின் ஈஏ888 மூன்றாம் தலைமுறை போன்றவற்றில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டே (சிலிண்டர்களின் புகையைச் சேர்க்கும் குழாய்) சிலிண்டர் ஹெட்டுக்குள் வார்த்திருக்கும், அதைச் சுற்றி கூலன்ட் ஓடும். எக்ஸாஸ்ட் சூடு டர்பைனுக்குக் குறைவாகப் போகிறது, நல்லது, ஆனால் அந்தச் சூடு எங்கேயும் மறையவில்லை, கூலன்டுக்கு வந்துவிட்டது. உங்களுடையது அப்படிப்பட்டதா என்று பாருங்கள்.

ஆயில் கிரேடு: 5டபிள்யூ-30 போடுகிறீர்கள் என்றால் டிராக்குக்கு 5டபிள்யூ-40 யோசிக்கலாம், உங்கள் எஞ்சின் கம்பெனி அனுமதிக்கும் பட்சத்தில். 150 டிகிரியில் அளக்கும் ஹெச்டிஹெச்எஸ் அளவு (கடும் சூட்டில் ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கிறது என்பது) 30 கிரேடுக்குக் குறைந்தபட்சம் 2.9, 5டபிள்யூ-40-க்கு 3.5. சூட்டில் பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவே நிற்கும் படலம் அந்த வித்தியாசம்தான். என் கணக்கில் ஆயில் 120 வரை நிம்மதி, 130 தாண்டினால் தணிக்க வேண்டும், 140 என்றால் செஷன் முடிந்தது. அளவை மேல் கோட்டில் வையுங்கள், கோட்டைத் தாண்ட வேண்டாம். நீண்ட வளைவில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி பம்ப் காற்றை இழுத்தால் எந்தக் கூலரும் காப்பாற்றாது, ஸ்லிக் டயர் (கோடு வெட்டாத ரேஸ் டயர்) பக்கம் போகும் எண்ணம் இருந்தால் தடுப்பு வைத்த சம்ப் (எஞ்சின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) பற்றி யோசியுங்கள். பெட்ரோலும் பாதி டேங்குக்குக் கீழே போக வேண்டாம், வளைவில் பம்ப் வறண்டால் பூஸ்டில் லீனாக, அதாவது பெட்ரோல் போதாமல், ஓடும்.

ஆறாம்வளைவு எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. பதிவு எடுத்தேன். வெளியே 34 டிகிரி. இன்டேக் முதல் சுற்றில் 46, நாலாவது சுற்றில் 71, அங்கேயே நின்றுவிட்டது. டைமிங் அந்த நேரத்தில் 5 முதல் 6 டிகிரி பின்வாங்குகிறது, எல்லா சிலிண்டரிலும் நாக் திருத்தம் தெரிகிறது. கூலன்ட் 94-இல் ஆரம்பித்துப் பத்து நிமிடத்தில் 111. ஆயில் 133 வரை போனது, அங்கேயே காலை எடுத்துவிட்டேன். பழைய மேப்புக்குப் போய் இன்னொரு செஷன்: இன்டேக் 62, கூலன்ட் 106, ஆயில் 128. நல்ல மாற்றம், ஆனாலும் தீரவில்லை.

இரண்டு கேள்வி. டர்போவுக்குப் பிளாங்கெட் (சூடு தடுக்கும் போர்வை) போடலாமா? இன்டர்கூலர் மேல் தண்ணீர் தெளிக்கும் கிட், எஞ்சினுக்குள்ளேயே தண்ணீர்-மெத்தனால் செலுத்தும் கிட், இரண்டையும் சொல்கிறார்களே?

காற்றுவழி எழுதியது:

பழைய மேப்பிலும் கூலன்ட் 106 என்றால் காற்று வழியை அடைப்பதும் ஆயில் கூலரும்தான் முதலில், இன்டர்கூலர் அதற்கப்புறம். ஒரே நாளில் எல்லாவற்றையும் மாட்டாதீர்கள், எது வேலை செய்தது என்றே தெரியாது. ரேடியேட்டர் மூடியைப் புதிதாகப் போடுங்கள்: 1 பார் அழுத்தம் நின்றால் வெறும் தண்ணீரே 120 டிகிரி வரை கொதிக்காது, மூடியின் ஸ்பிரிங் தளர்ந்துபோனால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். கூலன்டில் கிளைகால் (தண்ணீர் உறையாமல் காக்கும் திரவம்) எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு சூடு சுமக்கும் திறன் குறையும், கடையில் வாங்கியதை அடர்த்தியாக ஊற்றுவது டிராக்குக்குப் பிரயோஜனமில்லை. உறையும் குளிர் உங்கள் ஊரில் இல்லை என்றால் தண்ணீரைக் கூட்டி, துருத் தடுப்புச் சேர்மானத்தோடு ஓட்டலாம். சில டிராக்குகளில் கிளைகாலே கூடாது, கொட்டினால் தரை வழுக்கும்.

பிளாங்கெட்: பானெட்டுக்கு அடியில் சூடு குறையும், பிரேக் லைனும் இன்டேக் பைப்பும் தப்பிக்கும். ஆனால் சூடு டர்பைன் ஹவுசிங்குக்குள்ளேயே நிற்கும், தண்ணீரால் ஆறும் டர்போ இல்லாவிட்டால் பேரிங் பாடுபடும். வார்ப்பு மேனிஃபோல்டைத் துணியால் இறுக்கிச் சுற்றுவது எனக்குப் பிடிக்காது, விரிசல் விட்டாலும் வெளியே தெரியாது. நடுவில் காற்று இடைவெளி விட்ட தகடு மறைப்பே போதும்.

தெளிப்பது பழைய, நல்ல யோசனை, மிட்சுபிஷி இவோ, சுபாரு எஸ்டிஐ கார்களில் கம்பெனியே கொடுத்தது. தண்ணீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகும், அதனால் மெல்லிய தூவலாக இருக்க வேண்டும், ஓடி வழிந்தால் வீண். நேர்ப்பாதையின் தொடக்கத்தில் தெளியுங்கள், வளைவுக்கு முன்னால் தரையை நனைக்காதீர்கள், டிராக் நடத்துபவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சறுக்குத்தடம் எழுதியது:

எஞ்சினுக்குள் செலுத்துவதும் வேலை செய்யும், பிஎம்டபிள்யூ எம்4 ஜிடிஎஸ்-இல் கம்பெனியே தண்ணீர் செலுத்தும் ஏற்பாட்டோடு விற்றது. ஆனால் அதை நம்பி டைமிங் ஏற்றிய மேப் எழுதி, ஒரு நாள் டேங்க் காலியானாலோ நாசில் அடைத்தாலோ? பூஸ்ட்டைத் தானாக வெட்டும் பாதுகாப்பு மேப்பிலேயே இருந்தால் ஒழிய வேண்டாம். மேப்பை மாற்றாமல் கூடுதல் காப்பாக மட்டும் ஓட்டினால் சரி.

அப்புறம் பிரேக் ஃப்ளூயிட் பற்றி ஒருவரும் பேசவில்லை. இருபது நிமிடம் முழுசாக ஓட ஆரம்பித்தால் அடுத்து கொதிக்கப் போவது அதுதான். டாட் 4 என்ற ஃப்ளூயிட் வகைக்குப் புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சக் கொதிநிலை 230, ஈரம் குடித்த பிறகு 155 தான். ரேஸுக்கு என்றே விற்கும் ஃப்ளூயிட்கள் புதிதில் 300-ஐத் தாண்டும், ஆனால் அவையும் ஈரம் குடிக்கும், அடிக்கடி மாற்ற வேண்டும். டாட் 5 என்று எழுதியதை மட்டும் ஊற்றிவிடாதீர்கள், அது சிலிகான், 5.1 வேறு.

ஆறாம்வளைவு எழுதியது:

சரி, இப்படிச் செய்யப் போகிறேன்: பழைய மேப், ரேடியேட்டர் ஓரங்களை அடைப்பது, புது மூடி, 5டபிள்யூ-40, பிரேக் ஃப்ளூயிட். அடுத்த பதிவைப் பார்த்துவிட்டு ஆயில் கூலர். இன்டர்கூலர் கடைசியில். செஷன் முடிந்து பிட்டுக்கு வந்ததும் எஞ்சினை உடனே அணைக்கலாமா, ஓட விட வேண்டுமா? இதிலும் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

எண்ணெய்க்கை எழுதியது:

ஆற்ற வேண்டியது பிட்டில் இல்லை, டிராக்கிலேயே. கடைசிச் சுற்றை உயர்ந்த கியரில், பூஸ்டே ஏறாமல், பிரேக்கைத் தொடாத குறையாக ஓட்டுங்கள், காற்று ஓடிக்கொண்டே எல்லாம் இறங்கும். நின்ற இடத்தில் ஓட விட்டால் ரேடியேட்டருக்கு ஃபேன் காற்று மட்டும்தான், கடும் சூட்டோடு வந்து நின்றால் கூலன்ட் இன்னும் ஏறும். ஆறும் சுற்று ஒழுங்காக ஓட்டியிருந்தால் ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு அணைக்கலாம். தண்ணீரால் ஆறும் டர்போக்களில் அணைத்த பிறகும் கூலன்ட் தன் சூட்டாலேயே மேலே ஏறிச் சுற்றும், சில கார்களில் எலெக்ட்ரிக் பம்பும் கொஞ்ச நேரம் ஓடும், பேட்டரியைக் கழற்றி அதைக் கெடுக்காதீர்கள். பானெட்டைத் திறந்து வையுங்கள். கூலன்ட் மூடியைத் திறக்காதீர்கள். ஹேண்ட்பிரேக் போடாதீர்கள், கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள், சுடும் டிஸ்கில் பேட் ஒட்டிக்கொண்டால் அடுத்த செஷனில் ஸ்டீயரிங் ஆடும்.

ஒன்று விட்டுப் போனது: செஷனுக்குப் போகும்போது ஏசியை அணைத்துவிடுங்கள். கூலன்ட் 110 தொட்டுவிட்டால் ஹீட்டரை முழுசாகத் திருப்பி, ஃபேனை உச்சத்தில் வைத்து பிட்டுக்கு வாருங்கள். வெந்துபோவீர்கள், ஆனால் அது ஒரு சின்ன ரேடியேட்டர், ஏற்கெனவே காரில் இருக்கிறது.